ஜமுக்காளத்தில் நாலு பேருக்கு இடம்

அங்க உக்காராதீங்க தம்பி, கோவிச்சுக்கக் கூடாது. ஜமுக்காளத்துல அந்தச் செவப்புப் பட்டை சுகந்திக்கு. சுகந்தின்னா என் கூடப் பொறந்தவன் சம்சாரம். அதுக்கு இடுப்பு வலி, மரத்துல சாஞ்சுக்கட்டும்னு ஒதுக்கி வெச்சிருக்கேன். நீங்க இப்படி பச்சைப் பட்டைப் பக்கம் வந்துடுங்க. ஏம்மா தங்கச்சி, வெயில்ல நிக்கிறியே, வாம்மா, செருப்பை அந்தாண்ட கழட்டிட்டு உக்காரு. பாப்பா, நீயும் வா. பையனைப் புடிங்க தம்பி, அவன் பாட்டுக்கு ஓடுறான். எங்க ஆளுங்க வர்ற வரைக்கும் தாராளமா இருங்க. வந்ததும் எந்திரிச்சுக் குடுத்துடணும், அதை இப்பவே சொல்லிடறேன். அப்புறம் இந்தக் கெழவன் மூஞ்சியில அடிச்ச மாதிரி பேசிட்டான்னு சொல்லக் கூடாது.

காலையிலேருந்து எத்தனை பேரு வந்து கேட்டுட்டாங்கங்கறீங்க? ஒருத்தன் கூலிங் கிளாஸைப் போட்டுக்கிட்டு வந்தான். "பெருசு, ஒத்த ஆளுக்கு இம்மாம் பெரிய ஜமுக்காளமா? பட்டா வாங்கியிருக்கியா?"ங்கறான். ஆமாண்டா, பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாம் வீட்டுல இருக்கு, போயி எடுத்துட்டு வரட்டுமா, அது வரைக்கும் நீ வெயில்ல நில்லுன்னேன். போயிட்டான். உங்களை ஏன் உக்கார வெச்சேன்னா, நீங்க வாய் நெறைய "ஐயா, இங்க ஆள் வர்றாங்களா"ன்னு கேட்டீங்க. அதான் கேக்கற மொறை. ஆமா, ஆள் வர்றாங்க. நாலு பேரு.

என் பேரு மருதைமுத்து. உறையூர். பிரைவேட் டவுன் பஸ்ல கண்டக்டரா இருந்து ஓய்ஞ்சவன். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல நின்னு "முக்கொம்பு முக்கொம்பு முக்கொம்பே"ன்னு நான் ஒரு கொரல் குடுத்தா, பக்கத்துப் பஸ்ல ஏறி உக்காந்தவன் எறங்கி வருவான். "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல பந்து வெளாடலாம்"னு சொல்லியே ஒரு பஸ்ஸுக்குள்ள ரெண்டு பஸ் கூட்டத்தை அடைச்சிருக்கேன். ஆளுங்களுக்கு எடம் பண்ணிக் குடுக்கறது எனக்குக் கைவந்த கலை தம்பி.

நீங்க இந்த ஊர் இல்லையே? நாமக்கல்லா? அதான். காணும் பொங்கலுக்கு முக்கொம்புக்கு வர்றவன் பொழுது சாயறதுக்கு முன்னாடி வந்தாப் போதும்னு நெனைச்சு வந்தா, இப்படித்தான், புள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு மரம் மரமா அலையணும். நான் மொத பஸ்ல வந்தேன். பனி கூட விலகல. அப்ப இங்க யாரு இருந்தா? நானு, அந்த மீன் வறுக்கற பொம்பளை, ரெண்டு கொரங்கு. அவ்வளவுதான்.

எடம் புடிக்கறதுன்னா துண்டை விரிச்சுட்டுத் தூங்கறது இல்ல. காலையில நெழல் எங்க இருக்குன்னு பாக்கக் கூடாது. மத்தியானம் சோத்து நேரத்துக்கு நெழல் எங்க வரும்னு பாக்கணும். அதோ அந்த வேப்ப மரத்தடியில போட்டிருக்காங்க பாருங்க ஒரு குடும்பம், காலையில என்னமா சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. இப்பப் பாருங்க, வெயில் தொரத்தத் தொரத்தப் பாயை இழுத்துக்கிட்டே போறாங்க. இது தூங்குமூஞ்சி மரம். சாயங்காலம் வரைக்கும் கொடை புடிக்கும். இதை விட்டுட்டு அங்க போடுவாங்களா யாராச்சும்?

தனியா இருக்கேன்னு நெனைக்காதீங்க. சம்சாரம் போயி ரொம்ப வருசமாச்சு, புள்ளைங்க இல்ல, அது வாஸ்தவம். ஆனா நான் நல்லேந்திரன் வீட்டோடதான் இருக்கேன். நல்லேந்திரன், என் கூடப் பொறந்தவன். அவன், சுகந்தி, ரெண்டு புள்ளைங்க, தாரணின்னு பதினொண்ணாவது படிக்கற பொண்ணு, நிதின்னு சின்னவன். எனக்கு முன் ரூமு. தனி வாசல். நான் எப்ப வந்தேன், எப்பப் போனேன்னு அவங்களுக்குத் தெரியாது, அவங்களால எனக்கும் தொந்தரவு இல்ல. அப்படி ஒரு வசதி.

ஆனா காணும் பொங்கல் வந்துருச்சுன்னா என்னைய விட்டா அந்த வீட்டுல ஒண்ணும் ஓடாது. எங்க உக்காரணும், யாரு எப்பச் சாப்பிடணும், எல்லாம் நான்தான். சாப்பிடாம ஊஞ்சல் பக்கம் போகக் கூடாது. மீன் வறுவல் வாங்கக் கூடாது, எண்ணெய் என்ன எண்ணெயோ. தண்ணியில எறங்கினா முட்டிக்கு மேல போகக் கூடாது. எல்லாரும் ஒண்ணா உக்காந்து, ஒண்ணா சாப்பிட்டு, ஒண்ணா எந்திரிக்கணும். ஒரு ஒழுங்கு வேணுமா இல்லையா? ஆளுக்கு ஒரு பக்கம் போறதுக்கு எதுக்குக் குடும்பமா வரணும்?

அதுக்குத்தான் இது. பையில பாருங்க. ஆமா பாப்பா, விசிலு. அசல் கண்டக்டர் விசிலு, ஓய்ஞ்சப்ப மொதலாளிகிட்ட குடுக்காம வந்துட்டேன். ஒத்த விசிலுன்னா வண்டி நிக்கணும், ரெட்டை விசிலுன்னா போலாம் ரைட்டு. நம்ம குடும்பத்துக்கும் அதான் சட்டம். இந்த மரத்தடியில நின்னு நான் ஒத்த விசில் குடுத்தேன்னா, ஆத்துல இருந்தாலும் சரி, ராட்டினத்துல இருந்தாலும் சரி, நாலு பேரும் சாப்பாட்டுக்கு வந்து நிக்கணும். வந்துருவாங்க. போன வருசம் வரைக்கும் வந்தாங்க.

போன வருசம் ஒரு சின்ன விசயம். தாரணி கூடப் படிக்கற புள்ளைங்க யாரோ வந்திருந்தாங்களாம். இது அவங்களோட அந்தப் பூச்செடி கிட்ட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு இருந்திருக்கு. நான் விசில் குடுத்தேன். வரல. மறுபடி குடுத்தேன். வரல. சரி, காதுல விழலையாக்கும்னு நேராப் போயி, பக்கத்துல நின்னு, "தாரணி, உறையூர் எல்லாம் எறங்கு"ன்னு ஒரு குரல் குடுத்து விசில் ஊதினேன். அந்தப் புள்ளைங்கல்லாம் என்னமா சிரிச்சுதுங்க! எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. தாரணி மட்டும் வந்து ஜமுக்காளத்துல குப்புறப் படுத்து அழுதுச்சு. சோறு வேணாம்னுருச்சு. நான் என்ன திட்டினேனா, அடிச்சேனா? பசி மயக்கம். வேற ஒண்ணும் இல்ல. சுகந்தி அன்னைக்குப் பூரா என் கூடப் பேசல. அதுக்கு வெயில் ஒத்துக்காது.

இல்லம்மா தங்கச்சி, அதெல்லாம் அன்னைக்கே முடிஞ்சு போச்சு. வீட்டுக்குள்ள வெச்சுக்கிட்டா குடும்பம் நடக்குமா?

ஏன் இன்னும் வரலைன்னு கேக்கறீங்க. அது ஒரு ரகசியம், சொல்றேன். அவங்க இன்னைக்கு வர்றதே எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சுக்கிட்டு இருக்காங்க! பொங்கலுக்கு முந்தியே நல்லேந்திரன் வந்து, "அண்ணே, இந்த வருசம் எங்கயும் போகல, தாரணிக்குப் பரீட்சை இருக்கு, நீ பாட்டுக்கு வீட்டுல காலை நீட்டிப் படு"ன்னான். சொல்லும்போது என் மூஞ்சியைப் பாக்கல, காலண்டரைப் பாத்துக்கிட்டே சொன்னான். அவனுக்குப் பொய் வராது தம்பி. சின்ன வயசுலயே வராது. ஏன் அப்படிச் சொன்னான்னு எனக்குத் தெரியும். எங்க எதிர் வீட்டுக்காரங்க ஒட்டுண்ணிங்க. நாங்க கெளம்பறோம்னு தெரிஞ்சாப் போதும், மூணு புள்ளைங்களைக் கொண்டாந்து விட்டுட்டுப் போயிருவாங்க. நான் வாய் தவறி அவங்ககிட்ட ஒளறிடுவேன்னு சுகந்திக்குப் பயம். அதான் என்கிட்டயும் பரீட்சைன்னே சொல்லி வெச்சிருக்காங்க.

ஆனா நான் யாரு? டிக்கெட் எடுக்காதவனைப் பின் மண்டையைப் பாத்தே புடிச்சவன். ரெண்டு நாளா கொடியில புதுத்துணி காயுது. ஒரு மாதிரி வழவழன்னு, ரப்பர் கணக்கா, நீலமும் மஞ்சளுமா. நாலு செட்டு. வீட்டுல போடற துணியா அது? ஆத்துல குளிக்கத்தான்! நிதின் வேற சறுக்கு சறுக்குன்னு பேசிக்கிட்டே இருந்தான். "எவ்வளவு ஒசரம்ப்பா சறுக்கு, பயமா இருக்குமாப்பா"ங்கறான். இந்தா இருக்கு சறுக்கு, உங்க பையன் ஏறிக்கிட்டு இருக்கானே, இதுல என்ன பயம்? சின்னப் புள்ளை, போன வருசம் ஏறினது மறந்து போச்சு.

அப்புறம் முந்தாநாள் கார்க்காரன்கிட்ட நல்லேந்திரன் போன்ல பேசினான். சன்னலோரம் நான் உக்காந்திருக்கேன்னு அவனுக்குத் தெரியாது. "காலையிலயே வந்துருங்க. ஆமா, நாலு பேருதான்"னான். நாலு பேரு. சரியாத்தானே சொன்னான்? அவங்க நாலு பேரு கார்ல. நான்தான் முன்னாடியே பஸ்ல வந்து எடம் புடிச்சிருவேனே. வருசா வருசம் அப்படித்தானே.

ஒண்ணே ஒண்ணுதான் எனக்குக் கோவம். சுகந்தி புளி ஊறப் போடல. பரீட்சை நாடகத்துக்கு அது தோதுப்படாதுன்னு விட்டிருக்கும். வர்ற வழியில ஹோட்டல்ல வாங்கிக்கலாம்னு இருப்பாங்க. ஆத்தங்கரையில உக்காந்து ஹோட்டல் சோறா? நான் விடுவேனா? என் ரூம்ல கரண்டு அடுப்பு இருக்கு. நானே புளி கரைச்சு, வேர்க்கடலை வறுத்துப் போட்டு, நல்லெண்ணெய் தாராளமா ஊத்தி, நாலு பேருக்குக் கட்டிக்கிட்டு வந்திருக்கேன். இந்தத் தூக்குல இருக்கு. இல்ல இல்ல, எனக்கும் சேத்துத்தான். ஒரு கை கூடவே வெச்சிருக்கேன். அவங்க வந்து எறங்கினதும் மூஞ்சியைப் பாக்கணும் தம்பி. எடமும் இருக்கு, சோறும் இருக்கு. "அண்ணே, நீ எப்படிண்ணே கண்டுபுடிச்சே"ம்பான். அதைக் கேக்கறதுக்குத்தான் விடியாம எந்திரிச்சு, கதவைச் சத்தம் இல்லாம சாத்திட்டு, செருப்பைக் கையில புடிச்சுக்கிட்டுக் கெளம்பி வந்தேன்.

கொரங்கு வருது, தண்ணி பாட்டிலை உள்ள வையுங்க.

இல்லம்மா, போன் பண்ண மாட்டேன். பண்ணா ரகசியம் போயிரும்ல. நல்லேந்திரன் கவனமா வர்ற நேரம், எதுக்குத் தொந்தரவு. ஆமா, கார்க்காரன்தான் ஓட்டுவான், இருந்தாலும். நீ சொல்றது சரிதான், நேரம் ஆயிருச்சு. குடமுருட்டிப் பாலத்துகிட்ட நெரிசலா இருக்கும். காணும் பொங்கல்ல, அந்தப் பாலத்துகிட்ட வண்டி நகராது. என் பஸ்ஸே அங்க எத்தனை தடவை நின்னிருக்குங்கறே.

என் சம்சாரம் ஒரே ஒரு தடவை முக்கொம்புக்கு வந்தா. தனபாக்கியம் அவ பேரு. காணும் பொங்கல்னா எனக்கு லீவு கெடையாது, அன்னைக்குத்தானே வசூலு. ஊர்ல இருக்கற குடும்பத்தையெல்லாம் கொண்டாந்து எறக்குவேன், ஏத்துவேன். ஒரு வருசம் அவ அடம் புடிச்சு என் பஸ்லயே ஏறிட்டா. நான் கூட்டத்துல இருந்தேன், அவகூட ரெண்டு வார்த்தை பேச முடியல. இங்க எறங்கினா. தனியாச் சுத்திப் பாத்துட்டு, நான் அடுத்த நடை வந்தப்ப அதே பஸ்ல ஏறி வீட்டுக்குப் போயிட்டா. ராத்திரி, என்னடி பாத்தேன்னு கேட்டேன். "எல்லாரும் குடும்பம் குடும்பமா உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. காவிரி எப்படி இருந்துச்சு, மேலணை எப்படி இருந்துச்சு, ஒண்ணும் சொல்லல. எதுக்கு இப்ப அந்தக் கதை? ஏதோ வாயில வந்துருச்சு.

பாப்பா, உனக்கு இந்த டச் போன்லாம் தெரியும்ல? இதுல சத்தம் வருதான்னு கொஞ்சம் பாரு. தாரணியோட பழைய போனு, அதுதான் எனக்குக் குடுத்துச்சு. நான் எதையாவது அமுக்கி வாயை மூடிட்டேனோ என்னமோ. அவங்க கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்திருந்தா?

சத்தம் இருக்கா. யாரும் கூப்பிடலையா. சரி.

என்ன அது? ஸ்டேட்டஸா? அதெல்லாம் எனக்குத் தெரியாது பாப்பா. தாரணி போட்டிருக்கா? இப்பத்தான் போட்டுச்சா? அப்ப வழியில இருந்து போட்டிருக்கும். காட்டு, எந்த எடம்னு நான் சொல்றேன். இரு, கண்ணாடி போட்டுக்கறேன்.

இது பாலம் இல்லையே.

ஆமா, தாரணிதான். பக்கத்துல நிதின். தண்ணியில நனைஞ்சு, பல்லெல்லாம் தெரியறான். அந்தப் பின்னாடி நீலமா வளைஞ்சு வளைஞ்சு ஒசரமா இருக்கே, என்ன பாப்பா அது? சறுக்கா? அதுவா சறுக்கு? யப்பா. அவன் பயந்தது நியாயம்தான். மதுரை ரோட்டுல தண்ணி பார்க்குன்னு ஒண்ணு தொறந்திருக்காங்கன்னாங்க, அதுவா? இதைத் தள்ளினா அடுத்தது வருமா? தள்ளு. நல்லேந்திரன். தொப்பையும் அவனும், அந்த வழவழ சட்டையைப் போட்டுக்கிட்டு. சுகந்தி. சுகந்திதானே அது? இடுப்பு வலின்னு வீட்டுல குனிய மாட்டா. ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு எப்படி வர்றா பாருங்க தம்பி. இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததுலேருந்து நான் இவ இப்படிச் சிரிச்சுப் பாத்ததில்ல.

நாலு பேரும் இருக்காங்க. கார்க்காரன்கிட்ட சரியாத்தான் சொல்லியிருக்கான்.

வெச்சிரு பாப்பா. போதும்.

இல்லம்மா, தண்ணி எல்லாம் வேணாம். எனக்கு ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லைன்னு எப்படிம்மா சொல்றது. பொய் சொல்ல மாட்டேன். விடியாம வந்து, ஒண்ணுக்குக் கூடப் போகாம உக்காந்திருக்கேன், எழுந்து போனா எவனாச்சும் உக்காந்துருவான்னு. வர மாட்டாங்கன்னு ஒரு வார்த்தை என் மனசுல வரலையே. அவ்வளவு பேரு வந்து எடம் கேட்டும் வரலையே.

ஏன் பாப்பா, அங்க கூட்டம் இருக்கும்ல? காணும் பொங்கலாச்சே. அங்க அவங்களுக்கு யாரு எடம் புடிச்சுக் குடுத்திருப்பா? எல்லாரும் தண்ணிக்குள்ள எறங்கிட்டா பையெல்லாம் யாரு பாத்துக்குவா? நீ அந்த மாதிரி எடத்துக்குப் போயிருக்கியா?

லாக்கரா. உள்ள வெச்சுப் பூட்டிட்டு சாவியைக் கையில கட்டிக்கணுமா.

அப்ப ஆளே வேணாம்.

இருங்க, போன் அடிக்குது. நல்லேந்திரன்தான். பையன் கத்தறானே, கொஞ்சம் அமைதியா இருக்கச் சொல்லுங்க தம்பி, ஒரு நிமிசம்.

ஹலோ. சொல்லுப்பா. வீட்லதான். வீட்டை விட்டு எங்க போகப் போறேன்? லேட்டாத்தான் எந்திரிச்சேன். ஆமா, நல்லா தூங்கிட்டேன், நீங்க போனதே தெரியல. என்னது? சுகந்தி அம்மா வீட்டுக்கா? சரி சரி, பெரியவங்களைப் பாத்து விழுந்து கும்பிட வேண்டிய நாளுதானே, நல்லதுதான். சாப்பிட்டேன்ப்பா, ஹாட் பாக்ஸ்ல இருந்ததை எடுத்துப் போட்டுக்கிட்டேன். சாம்பார் நல்லா இருந்துச்சுன்னு சுகந்திகிட்ட சொல்லு. எலுமிச்சம் சாதமா? அதான், அதைத்தான் சொன்னேன், நல்லா இருந்துச்சு. சத்தமா? டிவிப்பா. காணும் பொங்கல்ல, எல்லாச் சேனல்லயும் கூட்டத்தைத்தான் காட்டறான். அங்க என்ன சத்தம், தண்ணி கொட்டற மாதிரி? ஓ, அவங்க வீட்டு மோட்டாரா. சரி. தாரணி படிக்குதா? படிக்கட்டும், தொந்தரவு பண்ணாதீங்க. நிதினைப் பாத்துக்க, ஒசரத்துல எல்லாம் ஏற விடாதே. இல்ல, சும்மா சொன்னேன், அவங்க வீட்டு மாடியைச் சொன்னேன். மெதுவா வாங்க. அவசரம் இல்ல. வெச்சிடறேன்.

என்னம்மா அப்படிப் பாக்கறே? சொல்லியிருக்கலாம்தான். நான் இங்க மரத்தடியில உக்காந்திருக்கேன்டான்னு ஒரு வார்த்தை சொன்னா, அவன் அந்த ஈரத்துணியோட எல்லாரையும் கார்ல ஏத்திக்கிட்டு ஓடி வந்துருவான். அப்படிப்பட்டவன் அவன். வந்து, இந்தச் செவப்புப் பட்டையில சுகந்தி உக்காந்து, புள்ளைங்க ரெண்டும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு என் புளிச்சோத்தைத் தின்னா, எனக்குத் தொண்டையில எறங்குமா? அதுக்கு இது தேவலாம். பாவம், எலுமிச்சம் சாதம் கிண்டி வெச்சுட்டுப் போயிருக்கா. நான் எந்திரிக்கறதுக்குள்ள நாலு பேரும் பூனை மாதிரி நடந்து போயிருப்பாங்க. அந்த நேரம் நான் பஸ்ல வந்துக்கிட்டு இருக்கேன். சிரிப்பு வருது, இல்ல?

தங்கச்சி, நீ செவப்புப் பட்டைக்குப் போயி நல்லா சாஞ்சுக்க. அட போம்மா, இனிமே யாரு வரப் போறா? காலையிலேருந்து கைப்பையும் கையுமா நிக்கிறே, நீட்டிப் படு. தம்பி, நீங்க அந்தாண்ட காலை நீட்டுங்க. பாப்பா, உனக்கு மஞ்சப் பட்டை. உங்க டப்பாவுல என்ன? சப்பாத்தியா? ஆத்தங்கரைக்கு சப்பாத்தி கட்டிக்கிட்டு வந்த மொதக் குடும்பம் நீங்கதான். மூடி வையுங்க அதை. ராத்திரிக்கு ரயில்ல ஆகும். இந்தத் தூக்கைப் புடிங்க, மூடி கொஞ்சம் இறுக்கமா இருக்கும். அப்படித்தான். வாசனை வருதா?

இந்த எலையில போடுங்க, அடியிலேருந்து கிண்டிப் போடுங்க, கடலை அடியில இருக்கும். பையனைக் கூப்பிடணுமே. சறுக்கை விட்டு வர மாட்டான் போலிருக்கே. இல்ல தங்கச்சி, நீ எந்திரிக்காதே, நான் கூப்பிடறேன்.

பாத்தியா, ஒத்த விசிலுக்கு எப்படி ஓடி வர்றான்! வா ராஜா. உனக்கும் ஊதணுமா? ஊது, பலமா ஊது. அடேங்கப்பா. ஊரே திரும்பிப் பாக்குது. பாப்பா என்ன மூஞ்சியை மூடிக்கறே? வெக்கமா இருக்கா? யாரும் நம்மளைப் பாத்து ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க.

நெனைப்பாங்களா? ரொம்பவா?

நீ சொன்னாச் சரி. விசிலைக் குடு ராஜா, பையில போட்டு வைப்போம். சாப்பிடு.

ஹலோ, யாருங்க அது, செருப்பைக் கழட்டறது? இங்க எடம் இல்லைங்க. பாத்தாத் தெரியலையா, குடும்பமா உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம்ல? போங்க, போங்க.

நீங்க இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க தம்பி. பூராத்தையும் காலி பண்ணிரணும். வீட்டுக்குத் தூக்கைக் கழுவித்தான் கொண்டு போகணும், புளி வாசனை இருந்தா சுகந்தி கண்டுபுடிச்சிரும். அதுக்கு மூக்கு ரொம்பக் கூர்மை. அவங்க வர்றதுக்கு முன்னாடி நான் போயி, அந்த எலுமிச்சம் சாதத்தை வேற சாப்பிட்டு வைக்கணும். வயிறு கேக்குமோ கேக்காதோ, மிச்சம் வெச்சா அவ மனசு சங்கடப்படும்.

நீங்க ரயிலுக்குக் கெளம்ப இன்னும் நேரம் இருக்குல்ல. போங்க, புள்ளைங்களை மேலணை மேல நடக்க வெச்சுக் கூட்டிட்டு வாங்க. பையெல்லாம் இங்கயே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன். லாக்கர் எல்லாம் எதுக்கு? நான் எங்கயும் போக மாட்டேன். மெதுவா வாங்க.

தம்பி, ஒரு நிமிசம். அடுத்த வருசமும் நீங்க வரலாமே? நாமக்கல் என்ன தூரம்? விடியறப்ப ஏறினா வந்துரலாம். நீங்க அலைய வேணாம். இதே மரம், இதே ஜமுக்காளம், மொத பஸ்ல வந்து நான் போட்டு வெச்சிருப்பேன். எத்தனை பேரு வருவீங்கன்னு மட்டும் இப்பவே சொல்லிட்டுப் போங்க.

நாலு பேருதானே? சரி. நான் அஞ்சு பேருக்கு எடம் புடிச்சு வைக்கறேன்.